நாடி பார்க்காத கீபோர்டு

காலை பத்து நாற்பதுக்கு என் மகள் ஷமீமா மாடிப்படி இறங்கி வந்தாள். தேர்வு பன்னிரண்டு மணி வரை.

சிதம்பரத்திலிருந்து அண்ணாமலை நகர் போகிற சாலையில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தத் தேர்வுக்கூடம். உள்ளே கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும். பிள்ளைகளோடு வந்த பெற்றோர்கள் கீழே நிழல் இருந்த பக்கமெல்லாம் நின்றுகொண்டிருந்தோம். மகனைக் கூட்டி வந்திருந்த ஒருவர் ஷமீமாவைப் பார்த்துவிட்டு, “என்னாம்மா, அதுக்குள்ள முடிச்சிட்டியா? கெட்டிக்காரப் பொண்ணுதான்!” என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தாள்.

“ம்மா, வா போலாம்.”

“ஏண்டி? உடம்பு சரியில்லையா?”

“லாக் ஆயிடுச்சி.”

“என்னா லாக்?”

“ஸ்க்ரீன். செகப்பா வந்துச்சி. தடை பண்ண கீய அமுத்திட்டேனாம். முறைகேடாம். எழுந்து வெளிய போன்னுட்டாங்க.”

கீ என்ற சொல்தான் எனக்கு இறங்கவில்லை. வேறு எதையாவது சொல்லி அவளை அனுப்பியிருந்தால் எல்லாத் தாயையும்போல நானும் அழுதோ சண்டை போட்டோ இருப்பேன். கீபோர்டில் ஒரு விசையை அமுக்கினால் அதைப் புரோகிராம் என்னவென்று எடுத்துக்கொள்கிறது என்பதைப் பார்த்துப் பார்த்தே இருபத்தொன்பது வருடம் சம்பளம் வாங்கியவள் நான். அப்படிப்பட்டவளுக்கு அந்தப் படிக்கட்டின் கீழே ஒன்றும் புரியவில்லை.

எங்கள் ஆபீசில் என்னோடு வேலை பார்த்தவர்கள் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஆபீசை மூடிய பிறகு எல்லாரும் வெவ்வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். “நூரக்கா, பழைய கதையெல்லாம் எழுதுங்க, புதுசா வர்ற பசங்களுக்கு கீபோர்டுன்னாலே வெறும் எழுத்துன்னு நெனப்பு” என்று கேட்டார்கள். சிரிக்கிற மாதிரி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் பழைய கதை எதை எடுத்தாலும் அது அந்தப் படிக்கட்டில் வந்து நிற்கிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் மேல்பட்டாம்பாக்கம். டைப்ரைட்டிங் இரண்டு கிரேடும் முடித்து, கம்ப்யூட்டரில் டிப்ளமோ வாங்கி, கடலூர் மஞ்சக்குப்பத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி, மச்சான், அதாவது என் வீட்டுக்காரர், குவைத்துக்குப் போன பிறகும் வேலையை விடவில்லை. டயர் ரீட்ரேடிங் கடைக்கு மேலே இரண்டு அறை. ரப்பர் வேகும் வாடை எப்போதும் இருக்கும். கடைகளுக்கும் லாட்ஜ்களுக்கும் புரோகிராம் எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில்.

முதலாளி வேணு சார். திட்டக்குடிப் பக்கம் கரும்பு போடுகிற குடும்பம். வீட்டில் முதன்முதலாக வயலை விட்டு வெளியே வந்தவர். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நம் நாற்காலிக்குப் பின்னால், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். கீபோர்டைத் தொடவே மாட்டார். சந்தேகம் கேட்டால், “என்னக் கேட்டா? மெஷினக் கேளு” என்பார். எரிச்சலாக வரும்.

அவர் எங்களுக்குப் போட்டிருந்த ஒரே சட்டம் நாடி பார்ப்பது. நாடி என்பது அவர் வைத்த பெயர். அது பத்துப் பன்னிரண்டு வரியில் ஒரு குட்டிப் புரோகிராம். எந்த விசையை அமுக்கினாலும் அதற்கு மெஷின் கொடுக்கிற எண்ணைத் திரையில் காட்டும். வேறு ஒன்றும் செய்யாது. சின்ன ‘a’ அமுக்கினால் 97. எண்டர் அமுக்கினால் 13. எந்தக் கடைக்குப் புரோகிராம் போடப் போனாலும் முதலில் அந்தக் கடையின் மெஷினில் நாடியை ஓட்ட வேண்டும். அதுவும் நாம் அமுக்கக் கூடாது. அந்தக் கடையில் தினமும் உட்காரப்போகிற ஆள்தான் அமுக்க வேண்டும். நாம் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

“ஏன் சார், யாரு அமுக்குனாலும் அதே நம்பர்தான வரும்?” என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

“உன் வெரலு உனக்குத் தெரிஞ்ச எடத்துக்குத்தான் போவும். அவுங்க வெரலு எங்க போவும்னு உனக்குத் தெரியுமா?” என்றார்.

எனக்கு அது அப்போது பெரிதாகப் படவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்துக் கடைக்கு நான் எழுதிய பில் புரோகிராமைப் போட்ட அன்று நாடியை நானே அமுக்கிப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலையிலேயே கடைக்காரர் வந்து நின்றார்.

“என்னாம்மா உன் புரோகிராமு? வர்றவன் போறவன் எல்லார் பேருக்குப் பின்னாலயும் பி பி, பி பின்னு போட்டுத் தள்ளுது. கண்ணன் பி பி, கலியமூர்த்தி பி பி. மருந்துக் கடைக்கு வந்தா எல்லாருக்கும் பி.பி. தானா? எனக்குத்தான் இப்ப பி.பி. ஏறுது!”

வேணு சார் சிரித்துச் சிரித்துக் கிராம்பை முழுங்கிவிட்டார்.

காரணம் இதுதான். எழுத்து விசைகளுக்கு நாங்கள் புரோகிராம் எழுதிய மொழியில் ஒரே எண். ஆனால் அம்புக்குறி, எஃப் வரிசை, டெலிட் போன்ற தனி விசைகளுக்கு இரண்டு எண். முதலில் பூஜ்யம் வரும். அது வந்தால் இன்னொரு தடவை கேட்க வேண்டும். அப்போதுதான் எந்த விசை என்று இரண்டாவது எண் சொல்லும். கீழ் அம்புக்கு அந்த இரண்டாவது எண் 80. நான் என்ன செய்திருந்தேன் என்றால், பூஜ்யம் வந்தால் ஒன்றுமில்லை என்று தள்ளிவிட்டு அடுத்த எழுத்துக்குக் காத்திருக்கும்படி எழுதியிருந்தேன். பின்னால் வந்த 80 தனியாக நின்றது. தனியாக நின்றால் 80 என்பது ஆங்கில ‘P’. நான் பெயரை அடித்ததும் எண்டர் தட்டுகிற பழக்கக்காரி. கடைப் பெண்ணோ அடுத்த வரிக்குப் போக கீழ் அம்பை இரண்டு தட்டுத் தட்டுவாள். என் விரல் போகாத இடத்துக்கு அவள் விரல் போனது.

இரண்டாவது பாடம் அண்ணாமலை நகரில் மாணவர்கள் தங்குகிற ஒரு தனியார் லாட்ஜில். அங்கே மெஷின் ஒன்று மாடியில், திரையும் கீபோர்டும் கீழே வாசல் அறையில். நீளமான ஒயர். அந்த மெஷின் வேறு ரகம். அதில் மேல் அம்பை அமுக்கினால் மூன்று எண் வரிசையாக வரும். அந்த மூன்றில் முதலில் வருவது எஸ்கேப் விசையின் எண். எங்கள் புரோகிராமில் எஸ்கேப் என்றால் ரத்து. லாட்ஜ் மேனேஜர் ஒரு பையனின் பெயர், அப்பா பெயர், ஊர், அறை எண் எல்லாம் அடித்து, மேலே ஒரு திருத்தம் செய்ய அம்பை அமுக்குவார். சில சமயம் சரியாகப் போகும். சில சமயம் அடித்ததெல்லாம் காணாமல் போகும். மேனேஜர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “வாங்க மேடம், இன்னிக்கு நம்ம மெஷினுக்கு மூடு எப்படி?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

ஆபீசில் எத்தனை தடவை செய்து பார்த்தாலும் வரவில்லை. நான் குழம்பிப்போய் ஒயர் மேல் பழி போட்டேன். வேணு சார் லாட்ஜுக்கு வந்து மேனேஜரின் நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு காலை முழுக்க நின்றார். நாடி ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர்தான் கண்டார். ஒயர் மெதுவானது. எஸ்கேப் முதலில் வந்து சேர்கிறது. அதன் கூட வர வேண்டிய மற்ற இரண்டும் சில நேரம் ஒரு இமைப்பொழுது பிந்துகின்றன. அதற்குள் என் புரோகிராம் முடிவெடுத்துவிடுகிறது.

“ஏம்மா நூரு, வாசல்ல ஒருத்தன் வந்து நின்னா, தனியா வந்தானா, பின்னால பொண்டாட்டி புள்ள வருதான்னு கொஞ்சம் எட்டிப் பாக்க மாட்ட? ஒடனே கதவ சாத்திப்புடுவியா?”

மேனேஜர், “அப்ப மெஷினுக்குக் குடும்பம் பெருசுன்னு சொல்லுங்க” என்றார். நான் எஸ்கேப்புக்குப் பிறகு சற்றுப் பொறுத்துப் பார்க்கும்படி எழுதினேன். அதன் பிறகு அந்த லாட்ஜிலிருந்து போன் வரவில்லை.

வேணு சார் இறந்த பிறகும் ஆபீஸ் சில வருடம் ஓடியது. போன வருடம் மூடினோம். கடைகள் எல்லாம் இப்போது இணையத்தில் ஓடுகிற புரோகிராமுக்குப் போய்விட்டன. எனக்கும் போதும் என்றிருந்தது. ஷமீமாவுக்கு ஒரு வேலை அமைந்துவிட்டால் போதும்.

அவள் தமிழ் எம்.ஏ. மொழிபெயர்ப்பாளர் வேலைக்கான தேர்வு அது. முதல் பகுதியில் சரியான விடையை மவுசால் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாம் பகுதியில் தமிழில் கட்டுரை. தேர்வை நடத்தியது ஒரு தனியார் கம்பெனி. இந்தப் பக்கத்தில் அவள் எழுதக்கூடிய தேர்வுகளில் பாதிக்கு மேல் அந்தக் கம்பெனிதான் நடத்துகிறது. முறைகேடு என்று பதிவானால் மூன்று வருடத்துக்கு அவர்கள் நடத்தும் எதிலும் உட்கார முடியாது. அவள் எழுந்து வரும்போதே அதைச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் நான் அவளைக் கேள்வி மேல் கேள்வி கேட்டேன்.

“என்னா அமுத்துன?”

“கட்டுரை வந்துச்சி. தமிழ் எழுத்த ஸ்க்ரீன்ல வரிசையா வெச்சிருந்தாங்க, மவுசால ஒவ்வொண்ணா தொட்டு எடுக்கணும். எல்லாரும் அப்படித்தான் பண்ணாங்க. எனக்கு அது லேட்டாவும். அங்க நின்ன மேடம்கிட்ட, நான் கீபோர்டுலயே தமிழ மாத்தி டைப் பண்ணிக்கலாமான்னு கேட்டேன். மெஷின்லயே இருக்கு, பண்ணிக்கன்னாங்க. மொழி மாத்துற கீய அமுத்துனேன்.”

“விண்டோஸ் கீ.”

“ஆமா, ஸ்பேஸோட சேத்து.”

“அப்ப அமுத்தியிருக்க.”

“கேட்டுட்டுத்தாம்மா அமுத்துனேன்! ஒரே ஒரு தடவ. அது ஒண்ணும் சொல்லல. அப்புறம் எழுத ஆரம்பிச்சேன். ஒரு வார்த்த முடியல. எச்சரிக்கை, எச்சரிக்கை, எச்சரிக்கைன்னு மூணு. படிக்கக்கூட விடல, செகப்பா ஆயிடுச்சி.”

மூன்று எச்சரிக்கை. அவள் அமுக்கியது ஒன்று என்கிறாள். கடலூர் வந்து பஸ் மாறுகிற வரைக்கும் நான் இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டு அழித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் பழைய லேப்டாப்பைத் திறந்து புதிய நாடி ஒன்றை எழுதினேன். இந்தத் தேர்வுகள் எல்லாம் பிரவுசருக்குள் ஓடுபவை. பிரவுசரின் மொழியில், விசையை அமுக்கியதும் அதன் எண்ணும் பெயரும் சேர்ந்தே வரும். பூஜ்யம், மூன்று எண் என்ற பழைய தொல்லைகள் எல்லாம் போய்விட்டன. நான் எழுதியது ஒரு சின்னப் பக்கம். அமுக்கினால் காட்டும், அவ்வளவுதான்.

ஷமீமாவை உட்கார வைத்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். வழக்கமாக வீட்டில் தமிழில் அடிக்கிற மாதிரியே அடித்தாள். ஒவ்வொரு விசைக்கும் அதனதன் எண் ஒழுங்காக வந்தது. விண்டோஸ் விசைக்கு அதன் பெயர் ஒரு தடவை வந்தது. சந்தேகப்பட ஒன்றுமே இல்லை.

அங்கிருந்துதான் என் புத்தி தடுமாற ஆரம்பித்தது. மெஷினிலும் தப்பில்லை, மொழியிலும் தப்பில்லை என்றால் பாக்கி இருப்பது ஒரே இடம்தான்.

“புடிச்சிக்கிட்டே இருந்தியா அந்தக் கீய? விடாம புடிச்சா திரும்பத் திரும்ப வந்ததா எடுத்துக்கும்.”

“தெரியலம்மா. சும்மா தட்டுனேன்.”

“வேற எதாவது பட்டிருக்குமா? ஆல்ட்டு? கன்ட்ரோலு?”

“இல்ல.”

“நல்லா யோசிச்சிச் சொல்லு. வேற விண்டோ எதையாவது தொறந்து பாக்கலாம்னு…”

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். “எத்தன தடவ கேப்ப?”

மறுநாள் எண்ணத்தை மாற்றினேன். கூடத்துக் கீபோர்டில் ஏதோ ஒரு விசை சிக்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் முதல் பகுதி முழுக்க ஏன் ஒன்றும் ஆகவில்லை? அப்போது அவள் மவுசைத்தானே தொட்டாள். இருந்தாலும் சிக்கின விசை தானாகவே வந்துகொண்டிருக்குமே? அதுவும் சரியாக வரவில்லை. ஒரு காரணத்தைப் பிடித்தால் அதன் வாலில் இன்னொரு கேள்வி தொங்கியது. சமையலுக்கு நடுவில் கேஸை அணைத்துவிட்டு லேப்டாப்பிடம் ஓடுவேன். ஒன்றும் வராது.

வெள்ளிக்கிழமை மதியம் குவைத்திலிருந்து மச்சான் பேசினார். விஷயத்தை நான் முன்பே சொல்லியிருந்தேன்.

“நூரு, சுத்தி வளைக்காத. புள்ள அமுத்துனாளா, இல்லியா? நீதான் இந்த வேலைய இவ்ளோ காலம் பாத்த ஆளு.”

“தெரியல மச்சான்.”

“தெரியலன்னா என்னா அர்த்தம்?”

“மூணுன்னு எண்ணு வர்றதுக்கு வேற வழி எதுவும் தெரியல.”

“நான் ஒண்ணு சொல்லட்டா? எனக்கு எண்ணெல்லாம் புரியாது. அவ சொல்றது எனக்குப் போதும்” என்றார். அல்லா மேல் பாரத்தைப் போட்டுவிட்டு அழுத்திக் கேட்காதே என்று சொல்லி வைத்துவிட்டார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ஷமீமா அறை வாசலில் நிற்கிறாள். கையில் காயவைத்து எடுத்த துணி.

“தெரியலையாம்மா உனக்கு?”

அவள் துணியைக் கட்டிலில் வைத்துவிட்டு மடிக்கத் தொடங்கினாள். ஒவ்வொன்றாக, மிகவும் நேர்த்தியாக. அதன் பிறகு என்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேசினாள். சோறு எடுத்துவைக்கட்டுமா, பால்காரர் வந்தாரா, அவ்வளவுதான். இப்போது கூட யாராவது படியில் வேகமாக இறங்கி வருகிற சத்தம் கேட்டால் எனக்கு அந்த “தெரியலையாம்மா” கேட்கிறது.

கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன். சென்னையிலிருந்து அவர்களுடைய இன்ஜினியர் ஒருவர் சிதம்பரத்துக் கூடத்தின் மெஷின்களைப் பார்க்க வருகிறார், அன்றைக்கு நேரில் வந்து சொல்லலாம் என்று பதில் வந்தது. ஷமீமா வர மறுத்தாள். “நீ வராம என்னால ஒண்ணும் பண்ண முடியாது” என்றேன். “ஏன், இப்ப மட்டும் தெரிஞ்சிருச்சா?” என்றாள். ஆனாலும் வந்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

கூடத்தின் பொறுப்பாளர் எங்களை நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். மரியாதையானவர்தான். இஸ்திரி போட்ட சட்டை, பேச்சும் இஸ்திரி போட்ட மாதிரி. “இன்ஜினியர் வந்துக்கிட்டிருக்காங்க மேடம். ஆனா ஒண்ணு சொல்லிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. சிஸ்டம் பொய் சொல்லாது” என்றார்.

“அன்னிக்கு இங்க நின்ன மேடம் இருக்காங்களா? எம் பொண்ணு அவுங்களக் கேட்டுத்தான் மொழி மாத்துனா.”

“அவுங்க அன்னிக்கு மட்டும் வந்தவங்க மேடம். இப்ப எங்கன்னு எப்படித் தேடறது?”

“அவ உக்காந்த மெஷினையாவது நான் ஒரு தடவ பாக்கலாமா? கீபோர்ட டெஸ்ட் பண்ணணும்.”

“இப்பல்லாம் யாரு மேடம் கீபோர்ட டெஸ்ட் பண்றாங்க?” என்று சிரித்தார். கேலியில்லை, நிஜமாகவே அவருக்கு வியப்பு.

வெயில் ஏறிக்கொண்டே போனது. கீழே ஜெராக்ஸ் கடையின் மெஷின் விட்டு விட்டு உறுமிக்கொண்டிருந்தது. இன்ஜினியர் வருவதற்குள் ஷமீமா எழுந்து போய்விடுவாளோ என்று எனக்குப் பயம். அவள் போகவில்லை. துப்பட்டா முனையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் முதுகில் பையோடு, வேர்த்து விறுவிறுத்து, ஒரு பெண் வந்தாள். ஷமீமாவைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். பவித்ரா என்று பெயர் சொன்னாள். “சாரிம்மா, விழுப்புரத்துல ரயில நிறுத்திட்டான். தண்ணி இருக்கா?” என்று கேட்டு ஒரு பாட்டிலை மடமடவென்று குடித்துவிட்டு, நேராக ஷமீமா உட்கார்ந்த மெஷினைத் தேடிப் போய் உட்கார்ந்தாள்.

தேர்வுப் பக்கத்தைத் திறந்து வேகவேகமாக ஆங்கிலத்தில் அடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. விண்டோஸ் விசையை ஒரு தடவை அமுக்கினாள். ஒன்றும் சொல்லவில்லை. மேலும் மூன்று தடவை அமுக்கினாள். திரை சிவந்தது.

“பாருங்கம்மா, மூணு தடவைக்கு மேல அமுத்துனாத்தான் லாக் ஆவுது. கரெக்டாத்தான் வேலை செய்யுது.”

பொறுப்பாளர் தலையாட்டினார். ஷமீமா தரையைப் பார்த்தாள். என்னை அறியாமல் என் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போயிருந்தன.

“உங்க வெரலு வேணாம்மா. அவ வெரலு” என்றேன்.

“என்னாது?”

“நீங்க எழுந்திரிங்க. அவள உக்கார வைங்க. அன்னிக்கு என்னா பண்ணாளோ அதையே பண்ணட்டும். நாம பின்னால நிப்போம்.”

பவித்ரா பொறுப்பாளரைப் பார்த்தாள். பிறகு, “சரி, வாங்க” என்று எழுந்து நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தாள்.

ஷமீமா உட்கார்ந்தாள். மொழி மாற்றும் விசையை ஒரு தடவை தட்டினாள். எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, “ஒண்ணு” என்றாள். அது எனக்காகச் சொன்னது. பிறகு எழுத ஆரம்பித்தாள். இரண்டு எழுத்துகூட உருவாகவில்லை. மஞ்சள் பெட்டி ஒன்று, அதன் மேல் ஒன்று, அதன் மேல் இன்னொன்று. திரை சிவந்தது.

பவித்ரா குனிந்து திரையைப் பார்த்தாள்.

“கீழ ஒரு கோடு வந்துச்சி பாத்தீங்களா?” என்றாள் ஷமீமா. “எழுத்துக்கு அடியில. அன்னிக்கும் வந்துச்சி. வீட்டுல அடிச்சா அந்தக் கோடு வராது.”

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது, ஆனால் என்ன பொறி என்று தெரியவில்லை. வீட்டில் என் லேப்டாப்பில் இருப்பது நான் பல வருடம் முன்பு போட்ட தமிழ் கீபோர்டு. இது வேறு. என் நாடிப் பக்கத்தை பென் டிரைவில் கொண்டு வந்திருந்தேன். “இத ஒரு தடவ தொறங்கம்மா” என்று கொடுத்தேன். பவித்ரா திறந்தாள். ஷமீமா அதே வார்த்தையை அடித்தாள்.

229. 229. 229. 229.

எந்த விசையை அமுக்கினாலும் அதே எண். என் வேலைக் காலம் முழுக்க ஒரு விசைக்கு இரண்டு எண் வந்து பார்த்திருக்கிறேன், மூன்று எண் வந்து பார்த்திருக்கிறேன். எல்லா விசைக்கும் ஒரே எண் வந்து பார்த்ததே இல்லை.

“கீபோர்டு கெட்டுப்போச்சா?” என்று கேட்டேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

பவித்ரா வாயில் கை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “கெடலம்மா” என்றாள் மெல்ல. “இந்த மெஷின்ல தமிழ் போட நடுவுல ஒரு புரோகிராம் உக்காந்திருக்கு. நாலு கீய வாங்கி, சேத்து, அப்புறம் ஒரு எழுத்தா தருது. அது வரைக்கும் நம்ம பக்கத்துக்கு இந்த ஒரே நம்பரத்தான் சொல்லும். நாங்க எழுத்தோட நம்பருக்கெல்லாம் ஒரு வரிசை எழுதி, அதுல இல்லாதத எல்லாம் தடை பண்ண கீன்னு வெச்சிட்டோம். 229 அதுல இல்ல. எங்க டீம்ல ஒருத்தரும் தமிழ்ல அடிச்சிப் பாக்கல. நானும்தான்.”

ஷமீமாவின் பக்கம் திரும்பினாள். “நீங்க ஒண்ணுமே பண்ணலங்க. இந்தப் பதிவ இன்னிக்கே எடுக்கச் சொல்றேன். வேற தேதியில திரும்ப எழுதலாம். மன்னிச்சிருங்க.”

ஷமீமா அவளைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கைகள் இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன, அவற்றை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பொறுப்பாளர்தான் குழப்பத்தோடு கேட்டார். “அப்ப சிஸ்டம் பொய் சொல்லுச்சா?”

“இல்ல சார்” என்றாள் பவித்ரா. “229ன்னா, இது என்னா எழுத்துன்னு இன்னும் முடிவாவல, கொஞ்சம் பொறுன்னு அர்த்தம். அது சரியாத்தான் சொல்லுச்சி. நாமதான் பொறுக்கல.”